மேசை ஆட்டங்களில் ஊர்தித் திறனளவுகள்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டங்களில் ஊர்திகள் எண்களாக இடம்பெறுகின்றன. உச்ச வேகம், முடுக்கம், கையாள்திறன் முதலிய இவ்வெண்களுக்கு மெய்யான ஊர்திகளின் செயல்திறன் அளவுகளே மூலம். 'கார் வார்ஸ்', 'கர்ப்ஸ்' ஆகிய இரு விதித்தொகுப்புகள் இவ்வளவுகளைக் கையாளும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சேலம், நாமக்கல் பகுதியின் சாலைகளும் சுமைகளும் இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன. வேகத்தை நுட்பமாக அளக்கும் இவ்விதிகள் சுமை, இறக்கம், ஓட்டுநரின் பட்டறிவு ஆகியவற்றைப் போதிய அளவு அளக்கவில்லை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு ஆட்டம், ஊர்தித் திறனளவு, லாரி, சுமை, தொப்பூர் கணவாய், கொல்லிமலை

முன்னுரை

தாயத்திலும் பரமபதத்திலும் காய்களுக்கெனத் தனித்திறன் கிடையாது. விழுகின்ற எண்ணே நகர்வைத் தீர்மானிக்கிறது. சிறுவர்கள் ஆடும் டிரம்ப் கார்டில் நிலை வேறு. அங்கு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கார் அல்லது விமானத்தின் குதிரைத்திறன், வேகம், எடை ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எண் சிறிய எண்ணை வெல்லும். எந்தச் சாலையில், எந்தச் சுமையுடன், யார் ஓட்டும்போது என்ற வினாக்களுக்கு அவ்வாட்டத்தில் இடமில்லை.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வளர்ந்த பாத்திரமேற்பு ஆட்டங்கள் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டவை. அவற்றில் திறனும் தற்செயலும் சூழலும் ஒன்றுசேர்ந்தே விளைவைத் தருகின்றன. ஆகவே, ஊர்தியின் எண் அங்கு வெற்றி தோல்விக்கான சீட்டு மட்டுமன்று. ஓர் உலகத்தைப் பற்றிய கூற்றுமாகும். அக்கூற்று எவ்வளவு உண்மை என்று வினவுவது திறனாய்வின் பணியாகும்.

விதிநூல்களில் ஊர்தி

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கார் வார்ஸ்' ஊர்திகளின் மோதலையே பொருளாகக் கொண்டது. அதன் அளவுத்திட்டம் எளிமையும் நுட்பமும் உடையது. ஓர் அங்குலம் 15 அடியைக் குறிக்கும். ஒரு சுற்று ஒரு நொடியைக் குறிக்கும். மணிக்கு 10 மைல் என்பது நொடிக்கு ஏறத்தாழ 15 அடி. ஆகவே, ஒவ்வொரு 10 மைல் வேகத்துக்கும் காய் ஓர் அங்குலம் நகரும். மெய்யான வேகம் இங்குப் பெருக்கலின்றி மேசைமீது இறங்கிவிடுகிறது. முடுக்கமும் எடையைச் சார்ந்ததே. ஆற்றல் எண் ஊர்தியின் எடைக்கு ஈடானால் 15 மைல், பாதியானால் 10 மைல், மூன்றிலொன்றானால் 5 மைல் என அது வகுக்கப்பட்டது.

அதே நிறுவனத்தின் 'கர்ப்ஸ்' 1986இல் தோன்றியது. அதன் நான்காம் பதிப்பு 2004இல் வந்தது. ஊர்தி ஒவ்வொன்றுக்கும் கையாள்திறன், நிலைப்பு, முடுக்கம், உச்ச வேகம், சுமையுடன் கூடிய எடை, ஏற்றத்தக்க சுமை, நம்பகம் ஆகியவற்றை இந்நான்காம் பதிப்பு பட்டியலிடுகிறது. வேகம் நொடிக்கு இத்தனை கெஜம் எனக் குறிக்கப்படும். சுமைக்கென ஓர் இடம் தந்தது இத்தொகுப்பின் சிறப்பு. ஆயினும், சுமை மாறும்போது பிற எண்கள் எவ்வாறு மாற வேண்டும் என்பதற்குப் பட்டியலின் ஒற்றை வரி விடை தருவதில்லை.

உச்ச வேகமும் ஏற்றமும்

இந்தியாவில் சரக்கு லாரிகளின் உச்ச வேகத்தை இயந்திரம் தீர்மானிப்பதைவிட விதியே தீர்மானிக்கிறது. மத்திய மோட்டார் ஊர்தி விதிகளின் 118ஆம் விதிப்படி, போக்குவரத்து ஊர்திகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொதுவாக மணிக்கு 80 கி.மீ. அளவிலும், டேங்கர்களில் 60 கி.மீ. அளவிலும் அமைதல் வேண்டும். இவை நொடிக்கு முறையே 24, 18 கெஜம். எனவே, விதிக்குட்பட்ட எல்லா லாரிகளுக்கும் உச்ச வேகக் கட்டத்தில் ஒரே எண்தான் வரும். எதை ஒப்பிடுவதற்காக அக்கட்டம் அமைக்கப்பட்டதோ அந்த வேலையை அது செய்யாது போகிறது.

வேறுபாடு ஏற்றத்தில் வெளிப்படும். 2018இல் மத்திய அரசு அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. எடுத்துக்காட்டாக, அவ்வரம்பு வரை ஏற்றிய ஒரு லாரிக்கு 200 குதிரைத்திறன் எனக் கொள்ளலாம். இருபதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், உராய்வு இழப்பு ஏதுமில்லை எனக் கொண்டாலும், அது மணிக்கு 38 கி.மீ. வேகத்தைத் தாண்ட இயலாது. வெற்று வண்டியாக அதே லாரி அதே ஏற்றத்தை மிக எளிதில் கடக்கும். ஒரே ஊர்திக்கு இரு வரிகள் தேவை என்பதை இக்கணக்கே உணர்த்துகிறது.

சுமையும் கையாள்திறனும்

நாமக்கல் பகுதியில் லாரியின் முழு உருவம் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. சேசிஸாக வாங்கிவரும் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இப்பகுதியின் அடையாளம். கட்டும் பாடியைப் பொறுத்தும் ஏற்றும் சரக்கைப் பொறுத்தும் வண்டியின் இயல்பு மாறுகிறது.

இவ்வட்டாரத்தின் நான்கு சுமைகள் இதனைத் தெளிவுபடுத்தும். சேலம் உருக்காலையின் எஃகுச் சுருள் எடை மிக்கது. குறைந்த இடத்தில் அடங்குவது. அதன் எடை தாழ்வாக அமைவதால் வண்டி கவிழும் அச்சம் குறைவு. ஆனால், கட்டு தளர்ந்தால் சுருளே உருளும். நாமக்கல் முட்டை உயரமாக அடுக்கப்படுவது. அங்கு வேகத்தைவிடக் குலுங்காமையே திறன். எரிவாயு டேங்கரில் சுமை நீர்மம். திரும்பும்போதும் நிறுத்தும்போதும் உள்ளே அது அலைவதால், பாதி நிரம்பிய தொட்டி நிரம்பிய தொட்டியைவிட ஓட்டுநரைச் சோதிக்கக்கூடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ சுமை இறக்கப்படுவதே இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம் வண்டியோடு ஒன்றாகிவிடுகிறது.

'கர்ப்ஸ்' பட்டியலைப் பின்பற்றினால் இந்நான்கும் 'கனரக லாரி' என்னும் ஒரே வரியில் அடங்கிவிடும். கையாள்திறனை வண்டியின் இயல்பாக மட்டும் கருதியதன் விளைவு இது. மெய்யில் அது வண்டி, பாடி, சுமை ஆகிய மூன்றின் கூட்டு.

இறக்கம் என்னும் விடுபட்ட அளவு

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. சேலம் நோக்கி வரும் கனரக ஊர்திகளுக்கு அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விடுவது அங்கு உயிருக்கு உலை வைக்கும் பழக்கம். கியரில் இறங்கும்போது வேகத்தை இயந்திரமும் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் முழுப் பொறுப்பும் பிரேக்கின்மீது விழுகிறது.

இதனை எண்ணால் காட்ட இயலும். 28.5 டன் எடையுள்ள லாரி 60 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4 மெகா ஜூல். அதே லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 28 மெகா ஜூல். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும், 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை முழுமையாக நிறுத்துவதற்கு ஒப்பான ஆற்றலைத் தருகிறது. நியூட்ரலில் இறங்கும் வண்டியில் இதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகச் சேரும். சூடேறிய பிரேக்கின் பிடி தளரும். சமதளத்தில் ஒரே ஒருமுறை நிறுத்திப் பெறும் தொலைவுக் கணக்கு இவ்விடரைக் காட்டாது.

பகடையும் கொண்டை ஊசி வளைவும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 'கர்ப்ஸ்' மூன்று பகடைகளை உருட்டுவது. 17 அல்லது 18 விழுந்தால் எத்துணைத் தேர்ந்தவருக்கும் தோல்வியே. எனவே, மிகச் சிறந்த ஓட்டுநருக்கும் ஒரு முறை வெல்லும் வாய்ப்பு 98.1 விழுக்காடு. வளைவுக்கு ஒருமுறை உருட்டினால், 70 வளைவுகளையும் தவறின்றிக் கடக்கும் வாய்ப்பு 27 விழுக்காடாகச் சுருங்கும். கொல்லிமலைக்கோ நாள்தோறும் பேருந்துகள் ஏறி இறங்குகின்றன.

இயல்பான ஓட்டத்துக்குப் பகடை வேண்டாம், நெருக்கடியில் மட்டுமே உருட்டுக என்று அவ்விதிநூல் கருதுவது இதனால்தான். அது சரியான தீர்ப்பு. ஆனால், எது நெருக்கடி என்பதை எந்தத் திறனளவும் சொல்வதில்லை. எதிரே பேருந்து வருவதா, மழையா, கருகும் பிரேக்கின் நாற்றமா என்பதை வழியறிந்தவரே உணர்வர். ஆட்ட நடத்துநர் அவ்வறிவைப் பெறாதபோது பட்டியல் எவ்வளவு துல்லியமாயினும் பயனில்லை.

முடிவுரை

மெய்யான அளவுகளை ஆட்டத்துக்குக் கொண்டுவருவது பிழையன்று. 'கார் வார்ஸ்' அளவுத்திட்டம் அதற்கு நல்ல சான்று. எளிதில் கிடைக்கும் அளவுகளையே முழு உண்மையாகக் கொள்வதே குறை. சேலம், நாமக்கல் சாலைகளை ஆட்டக்களமாக்க விரும்புவோர், வெற்று வண்டிக்கும் சுமை வண்டிக்கும் தனி வரி தரலாம். சரக்கின் வகைக்கேற்பக் கையாள்திறனைத் திருத்தலாம். இறக்கத்துக்குப் புதிய விதி தேடி அலையவும் வேண்டியதில்லை. கடுமையான திருப்பங்களால் நிலைப்பு படிப்படியாகக் குறைந்து, பின்னர்ச் சுற்றுதோறும் மீள்வதென ஓர் ஏற்பாடு 'கார் வார்ஸ்' விதியிலேயே உள்ளது. அதனைப் பிரேக்கின் சூட்டுக்குப் பொருத்தினால், கியரை மாற்றுவதும் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுவதும் ஆட்டக்காரரின் உண்மையான தெரிவுகளாகிவிடும்.

வேகமாகச் செல்பவர் வெல்வார் என்பது டிரம்ப் கார்டின் அறம். சரக்கும் தாமும் சேதமின்றிப் போய்ச் சேர்பவரே தேர்ந்தவர் என்பது லாரித் தொழிலின் அறம். ஊர்தியின் எண்களை அமைக்கும் விதிநூல், இவ்விரண்டில் எதனை மதிப்பது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.