டம்மியில் திருந்தும் கதை

1901 டிசம்பரில் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் 250 பிரதிகள் அச்சாகி வந்தது. அச்சுக்கூலியைக் கொடுத்தவர் அதை எழுதி வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர். 'பீட்டர் முயலின் கதை'யை ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்ட பிறகு எடுத்த முடிவு அது. குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவில், எளிய குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். செலவை அடக்குவதற்காகப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, முகப்புப் படத்துக்கு மட்டும் வண்ணம் கொடுத்தார். பிரதிகள் விரைவில் தீர்ந்தன. 1902 பிப்ரவரியில் இன்னும் 200 அச்சிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் பதிப்பை வெளியிட்டது. முதல் அச்சே 8,000 பிரதிகள்.

சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்குத் தெம்பூட்ட இந்த வரலாற்றை அடிக்கடி சொல்வார்கள். நிராகரித்தவர்கள் தோற்றார்கள், நம்பியவர் வென்றார் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. அந்தக் கதை 1893 செப்டம்பரில், நோயில் படுத்திருந்த நோயல் மூர் என்ற சிறுவனுக்குப் பாட்டர் எழுதிய படக்கடிதமாகப் பிறந்தது. புத்தகமாக்க எண்ணம் வந்தபோது, அவன் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படியெடுத்துக்கொண்டார். கதையை நீட்டினார், படங்களைக் கூட்டினார். வார்ன் பதிப்புக்காகப் படங்களை மறுபடி வண்ணத்தில் தீட்டினார். அப்போது சில படங்கள் விலகின. 1903இல் அட்டையை ஒட்டிய தாள்களுக்கு வண்ணப் படம் சேர்க்க இடம் வேண்டியிருந்ததால் மேலும் சில போயின. கடிதம், சொந்த அச்சு, வணிகப் பதிப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் கதை வேறு உருவம் எடுத்திருக்கிறது. சொந்தப் பதிப்பை அவர் கற்றுக்கொள்ளும் கட்டங்களில் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த புத்தகத்தில் இது இன்னும் தெளிவாகிறது. 'க்ளோஸ்டர் நகரத்துத் தையல்காரர்' கதையில் பழைய குழந்தைப் பாடல்களை நிறையச் சேர்த்திருந்தார். பதிப்பகத்தார் அவற்றை வெட்டச் சொல்வார்கள் என்று முன்பே ஊகித்து, 1902 டிசம்பரில் 500 பிரதிகளைத் தானே அச்சிட்டுக்கொண்டார். ஊகித்தபடியே 1903இல் வந்த வார்ன் பதிப்பில் பாடல்கள் குறைந்தன. எழுதியவர் தனக்குப் பிடித்த வடிவத்தையும் காப்பாற்றிக்கொண்டார், வெளியாளின் கத்தரிக்கோலுக்கும் இடம் கொடுத்தார். இரண்டையும் தாங்கும் மனம் இருந்ததால்தான் அவர் வளர்ந்தார்.

படப்புத்தகத்தில் எழுத்துப் பயிற்சி என்பது பெரும்பாலும் நீக்கும் பயிற்சி. பாட் ஹட்சின்ஸின் 'ரோஸியின் உலா' (1968) மொத்தமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது. வாக்கியம் சொல்வது அவ்வளவே. பின்னாலேயே பதுங்கி வந்து ஒவ்வொரு முறையும் அடிபடும் நரி படத்தில் மட்டும் இருக்கிறது. குழந்தைக்கு நரி தெரிகிறது, கோழிக்குத் தெரியவில்லை, கதை சொல்பவருக்கும் தெரியாததுபோல் இருக்கிறது. புத்தகத்தின் முழு இன்பமும் அந்த இடைவெளியில்தான். எழுதியவரே வரைந்தவரும் என்பதால் நரியைச் சொல்லாமல் விடும் துணிவு வந்திருக்கலாம். மாரிஸ் செண்டாக்கின் 'காட்டு உருக்கள் வாழும் இடம்' (1963) வேறொரு வழியில் இதையே செய்கிறது. சிறுவன் மாக்ஸின் கோபமும் கற்பனையும் பெருகப் பெருகப் படத்தின் அளவும் பக்கத்துக்குப் பக்கம் பெருகுகிறது; உச்சத்தில் தொடர்ந்து மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை. பிறகு எழுத்து மெல்லத் திரும்பி வருகிறது.

இந்த அமைப்புகளை வெறும் எழுத்துப் பிரதியாகத் தட்டச்சு செய்து கண்டுபிடிக்க முடியாது. அச்சக மொழியில் 'டம்மி' என்பார்களே, அந்த மாதிரிப் புத்தகத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கம். படப்புத்தகங்களில் இந்த எண் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அச்சு இயந்திரம்தான். ஒரு பெரிய தாளின் இருபுறமும் சேர்த்து 16 பக்கங்கள் அச்சாகும். அப்படி இரண்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். சென்டர் பின் அடிக்கும் சிறு புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டாக வேண்டும். தலைப்புப் பக்கமும் உரிமைப் பக்கமும் போக, கதைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று இரட்டைப் பக்கங்கள் தேறும்.

அந்த டம்மியில் வாக்கியங்களை வெட்டி ஒட்டி, கிறுக்கலாகப் படமும் போட்டு, ஒரு குழந்தைக்கு உரக்க வாசித்தால் கதையின் கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கத்தைப் புரட்டும் ஆவல் எங்கே எழுகிறது, எங்கே குழந்தை எழுந்து போய்விடுகிறது என்பது அங்கே தெரியும். "திடீரென்று" என்ற சொல்லைப் பக்கத்தின் நடுவில் எழுதுவதைவிட, அந்தத் திடீரை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுவது மேல் என்பது அப்போதுதான் உறைக்கும். நிறம், உருவம், இடம் சொல்லும் அடைமொழிகளை முதல் திருத்தத்திலேயே அடிக்கலாம். அவை ஓவியரின் வேலை.

தமிழில் இந்தப் பயிற்சிக்குக் கூடுதலான சிக்கல்கள் உண்டு. ஆங்கிலக் கையேடுகள் ஐநூறு சொல்லுக்குள் எழுதச் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நீளும் நம் சொற்கள் வேறு கணக்கில் ஓடுபவை. 'போய்க்கொண்டிருந்ததைப்' போன்ற ஒரு சொல் பெரிய எழுத்தில் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அதன் நடுவில் மூச்சு வாங்கும். புணர்ச்சியை எங்கே பிரிப்பது, வரியை எங்கே உடைப்பது என்று எழுத்தாளரே முடிவு செய்ய வேண்டும். பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதும் ஒவ்வொரு புத்தகத்திலும் புதிதாக எழும் கேள்வி. பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும், கதை சொல்லும் குரல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்பது என் கட்சி. உரக்க வாசிக்கும் அம்மா வாசிக்கும்போதே எழுத்துத் தமிழைப் பேச்சாக மாற்றிக்கொள்கிறார் என்றால், அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள்.

சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா, 1996இல் தொடங்கிய தூலிகா இரண்டும் பதிப்பகங்கள்தாம். ஆனாலும் சொந்தமாகப் புத்தகம் போடுபவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடங்கள் அவற்றின் புத்தகங்கள். தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இடம் பகிர்வதைக் கவனித்தாலே பக்க வடிவமைப்பின் பாதி புரியும். தாராவின் 'மரங்களின் இரவு வாழ்க்கை' (2006) கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரின் படங்களைக் கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. 2008இல் இத்தாலியின் பொலோனா சிறுவர் புத்தகச் சந்தையில் பரிசு பெற்றது. கறுப்புத் தாள்தான் அதில் இரவு. இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் 1789இலேயே தன் கவிதைகளையும் படங்களையும் ஒரே செப்புத் தகட்டில் பொறித்துத் தானே அச்சிட்டவர். அச்சிடும் முறையையே படைப்பின் பகுதியாக்கிய மரபு பழையது.

பணமில்லாமல் பழக விரும்புகிறவர்களுக்கு இன்று ஒரு நல்ல களம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம், திறந்த உரிமத்தில் கதைகளையும் படங்களையும் வைத்திருக்கிறது. ஓவியரின் பெயரைக் குறிப்பிட்டு, அங்குள்ள படங்களைக் கொண்டே புதிய கதை அமைக்கலாம். வாசிப்பு நிலைகள் நான்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால் எந்த வயதுக்கு எழுதுகிறோம் என்பதிலும் தெளிவு வரும். யாரோ வரைந்து வைத்த படத்துக்கு எழுதும்போது, படம் சொல்வதைச் சொல்லாமல் இருக்கக் கை தானாகப் பழகும். முதல் புத்தகத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன் இதில் சில மாதங்கள் செலவிடுவது நல்லது.

அச்சுக்குப் போகும்போது கணக்கு எளியது. ஆஃப்செட்டில் தகடும் இயந்திரத் தயாரிப்பும் முதலிலேயே பணத்தை விழுங்கும், பிரதிகள் கூடக்கூட விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் பத்துப் பிரதி என்றாலும் விலை பெரிதாக மாறாது. முதலில் டிஜிட்டலில் கொஞ்சம் போட்டு, பள்ளிகளிலும் நூலகங்களிலும் வாசித்துப் பார்த்து, திருத்திய பிறகு ஆஃப்செட்டுக்குப் போவதே சரி. அமேசானின் கே.டி.பி. சேவையில் சாதா அட்டைப் புத்தகத்துக்குக் குறைந்தது 24 பக்கம் வேண்டும், கெட்டி அட்டைக்கு 75. ஆகவே வழக்கமான 32 பக்கப் படப்புத்தகத்துக்கு அங்கே கெட்டி அட்டை கிடைக்காது. ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம், அதற்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதிகம் சறுக்கும் இடம் ஓவியருடனான ஒப்பந்தம். பணம் கொடுத்துவிட்டால் போதும், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் நட்பும் பிழைக்கும். உரிமை விஷயத்தில் கவனக்குறைவு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கும் பாட்டரே சாட்சி: அமெரிக்காவில் 'பீட்டர் முயலின் கதை'யின் பதிப்புரிமையை வார்ன் பதிவு செய்யத் தவறியது; விரைவிலேயே அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன, அவற்றிலிருந்து அவருக்குக் காசு வரவில்லை.

கையிருப்பு குறைவாக இருந்தால், பளபளப்பான தாளைக் குறைத்துக்கொண்டு எடிட்டருக்குக் கொடுங்கள் என்பேன். அதுவும் ஓவியரிடம் போவதற்கு முன்பே. படம் முடிந்த பிறகு ஒரு காட்சியை நீக்குவது ஓவியரின் பல நாள் உழைப்பை வீசி எறிவது. அந்தத் தயக்கத்தாலேயே பலவீனமான பக்கங்கள் தங்கிவிடுகின்றன. எடிட்டர் கிடைக்காத ஊர்களில் நான்கைந்து எழுத்தாளர்கள் மாதமொருமுறை கூடி, ஒருவர் டம்மியை இன்னொருவர் உரக்க வாசிக்கலாம். எழுதியவர் வாசிக்கக் கூடாது. தன் குரலால் ஓட்டைகளை அடைத்துவிடுவார்.

இலக்கிய இதழ்களும் இதில் செய்ய வேண்டியது உண்டு. சிறுவர் புத்தகங்களுக்கு வரும் குறிப்புகள் பெரும்பாலும் கதைச் சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு இரட்டைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் எழுத்து எதைச் சொன்னது, படம் எதைச் சொன்னது, புரட்டல் எங்கே விழுந்தது, தாளும் எழுத்தளவும் பொருந்தினவா என்று ஓவியரின் பெயரோடு விவாதிக்கும் மதிப்புரைகள் மாதம் ஒன்றாவது வந்தால், சொந்தச் செலவில் முதல் புத்தகம் போட்டவருக்கு இரண்டாவதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு பதில் கிடைக்கும்.