கோப்பு மூடிய பின்

கேளம்பாக்கத்தில் ஒரு பெண் கணவனிடம் அடிபட்டு, பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் குடியிருக்கும் ஊராட்சி திருப்போரூர் ஒன்றியத்தில் இருக்கிறது. காவல் நிலையம் 2022 ஜனவரியில் உருவான தாம்பரம் ஆணையரகத்துக்கு உட்பட்டது. பாதுகாப்பு அலுவலரும் மாவட்ட சமூக நல அலுவலரும் செங்கல்பட்டில். சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், நீதிமன்றம், சட்ட உதவி, பிள்ளையின் பள்ளி எல்லாம் வேறு வேறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இத்தனை வாசல் ஏறி இறங்கிய பிறகு அந்தக் குடும்பம் தேறுகிறதா? நம் சமூகப்பணியை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை மனு முடிந்தது என்ற கணக்கு இதற்குப் பதில் ஆகாது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவனைச் சிறைக்கு அனுப்புவதை முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. இருக்க இடம், செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, கிட்டே வராதே என்ற தடையாணை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்க அது வழி செய்தது. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று இலக்கும் குறித்தது. சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே வசிக்கும் உரிமை கோரலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கணவனை வெளியேற்றினால்தான் வீட்டில் அமைதி நிலைக்கும் என்றால், அவனுக்கு வேறு இடம் உண்டா என்று பாராமல் வெளியேற்றலாம் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா தீர்ப்பளித்தார். அடித்தவன் வீட்டிலேயே இருக்க, அடிபட்டவள் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் வழக்கத்தை உடைக்கக்கூடிய தீர்ப்பு அது.

கோளாறு ஆள்பலத்தில் இருக்கிறது. சம்பவ அறிக்கை எழுதுவது, அவளுக்கான பாதுகாப்புத் திட்டம் தயாரிப்பது, காப்பகம் தேடுவது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, நீதிமன்ற ஆணை நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒருவர் என்பதே ஏற்பாடு. செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம், பல்லாவரம் தொடங்கி செய்யூர்வரை 8 வட்டங்கள். 2011 கணக்குப்படியே 25 லட்சத்துக்கு மேல் மக்கள். 2022 ஜூலை நிலவரப்படி இந்தச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க 4.71 லட்சம் வழக்குகள் நிலுவையில் இருந்தன. சுமார் 800 மாவட்டங்களுக்கு வகுத்தால் ஒருவர் தலையில் ஐந்நூறுக்கு மேல் விழுகிறது. ஐந்நூறு குடும்பங்களை ஒருவர் எப்படித் தொடர்ந்து பார்ப்பார்? அவரால் அறிக்கை எழுதத்தான் முடியும். அந்த அலுவலர்களின் அக்கறையின்மை என்று இதைச் சொல்வது அநியாயம்.

இந்த வெற்றிடத்தை நிரப்புவது மகளிர் காவல் நிலையம். 1992-இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய இந்த முன்முயற்சி, காவல் நிலையப் படியேற அஞ்சிய பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உள்ளே நடப்பது பெரும்பாலும் சமரசம். சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ரசீது கொடுப்பார்கள், கணவனைக் கூப்பிட்டு அதட்டுவார்கள், இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்புவார்கள். ஹரியானாவின் மகளிர் காவல் நிலையங்களை ஆராய்ந்து நிர்விகார் ஜஸ்ஸல் 2020-இல் வெளியிட்ட கட்டுரையும் பெண்களின் புகார்கள் வழக்காகப் பதிவாவதற்குப் பதிலாகச் சமரசப் பேச்சுக்குத் திருப்பப்படுவதையே காட்டியது.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வழக்கு வேண்டாம், அவர் குடியை விட்டால் போதும், சேர்ந்து வாழ வையுங்கள் என்று பெண்களே கேட்கிறார்கள். அவர்கள் விருப்பத்தை மீறிப் பிரித்துவைப்பது சமூகப்பணி ஆகாது. உண்மைதான். ஆனால் அந்த விருப்பம் எதிலிருந்து பிறக்கிறது? தனி வீட்டுக்கு முன்பணம் இல்லை, பிறந்த வீட்டுக் கதவு திறக்காது என்று தெரிந்தவள் கேட்பதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டு விதிகள் ஆலோசனையைத் தடுக்கவில்லை. வன்முறையை நிறுத்துவேன் என்ற உறுதிமொழி வேண்டும், ‘அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்’ போன்ற நியாயங்களை ஆலோசனையில் எடுக்க விடக்கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. நிலையத்து மேசையில் முதலில் கேட்கப்படுவது அந்த நியாயம்தான். சேர்த்து அனுப்பிய பிறகு மறுவாரம் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போவதுமில்லை.

இனி, பிரிந்து வந்தவளின் அடுத்த ஓராண்டைப் பாருங்கள். சகி மையத்தில் பொதுவாக 5 நாள் தங்கலாம். அதற்குப் பிறகு சக்தி சதன் காப்பகம். அங்கே தாயோடு மகன் தங்க வயது வரம்பு 12. எட்டாம் வகுப்புப் பையன் இருந்தால் அவள் பிள்ளையைப் பிரிய வேண்டும், இல்லையேல் அடிக்குத் திரும்ப வேண்டும். வாடகைக்குப் போனால், சிறுசேரி மென்பொருள் பூங்கா விலையை ஏற்றிவைத்த வட்டாரத்தில், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி கணவர் என்ன வேலை என்பது. குடும்ப அட்டை மாமியார் வீட்டில். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்பதால் அதுவும் அங்கேயே தங்கிவிடும். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் பூட்டிய பீரோவுக்குள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்கை மறுக்க முடியாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல அவளோடு ஓர் ஆள் போக வேண்டுமே! கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு 515-இல் ஏறித் தாம்பரம் போய்வரும் செலவாவது குறைந்திருக்கிறது. அரை நாள் கூலி போவது போவதுதான்.

பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த குழந்தை இரவில் படுக்கையை நனைக்கும், வகுப்பில் வாயே திறக்காது, அல்லது கண்டவரையும் அடிக்கும். சில மகன்கள் அப்பாவின் குரலிலேயே அம்மாவை அதட்டத் தொடங்குவார்கள். நம் சட்டம் குழந்தையைத் தாயோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. அதன் காயத்தைத் தனியாகக் கேட்டுப் பதிவு செய்யும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. பிரிட்டனின் 2021 குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையைக் கண்ட குழந்தையையும் தன்னளவில் பாதிக்கப்பட்டவராகவே ஏற்றுக்கொண்டது. நம் சட்டத்தில் ஒரு திருத்தம் கேட்கச் சொன்னால் நான் கேட்பது இதைத்தான்.

நீடித்த துணை எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. 2001-இலிருந்து இயங்கும் பி.சி.வி.சி. என்ற தன்னார்வ அமைப்பு அவசர அழைப்போடு நிற்காமல் காப்பகம், வேலை, மனநல ஆலோசனை என்று கூடவே வருகிறது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் தீக்காயத்தோடு கிடந்த பெண்களைத் தேறும்வரை தாங்கியிருக்கிறது. ஆனால் நன்கொடையில் நடக்கும் ஓர் அமைப்பு மாவட்டம் மாவட்டமாக அரசின் கடமையைச் சுமக்க முடியாது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவை ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர்களை உருவாக்குகின்றன. அவர்களை நிரந்தரமாக அமர்த்தப் பணியிடம்தான் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. சட்டம் நன்று. அடிபட்ட நாளில் கிடைக்கும் உதவி, ஓடிப்போய்க் கேட்கத் தெரிந்தவளுக்குப் போதுமானது. குடும்பம் தேறுவதற்கான பணி தோற்றிருக்கிறது; தொடங்கப்படவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் அடையாளம் காண உத்தரவிட்டது. அதை ஏற்கெனவே பல வேலை பார்க்கும் விரிவாக்க அலுவலர்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று எழுதி முடித்துவிட்டால் எதுவும் மாறாது. வட்டத்துக்கு ஒரு முழுநேர அலுவலர், அவருக்குக் கீழே சமூகப்பணி படித்த களப்பணியாளர்கள், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு ஒரே ஆள்: தமிழ்நாடு அரசு இதைச் செய்ய வேண்டும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் அந்த வீட்டுக்குப் போய், அடி நின்றதா, கையில் காசு இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்த்து எழுதிய பிறகே கோப்பு மூடப்பட வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21), வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதத்தினரே உதவி தேடினார்கள் என்கிறது. மற்றவர்கள் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது. 181 என்ற மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அழைத்துச் சொல்லுங்கள்.