48 மணி நேரமும் சிறுநீரகத்தின் கணக்கும்

தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். திட்டத்தைக் குறை சொல்ல வரல. அந்த 48 என்ற எண்ணைத்தான் கேள்வி கேட்கிறேன்.

ரத்தம் நிறைய போய்விட்டால் உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும்; சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். தசை நசுங்கியிருந்தால், அதிலிருந்து கசியும் மயோகுளோபினும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். லண்டன் குண்டுவீச்சின்போது இடிபாடுகளில் நசுங்கியவர்களைப் பற்றி 1941-இல் பைவாட்டர்ஸும் பீலும் எழுதியது இதைத்தான். மீட்கப்பட்டவர்கள் முதலில் தேறியதுபோல் தெரிந்தார்கள். பிறகு சிறுநீர் குறைந்து, சில நாளில் இறந்தார்கள்.

சிக்கல் இங்கதான் இருக்கு. சேதம் முதல் சில மணி நேரத்திலேயே நடக்கலாம்; ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். 2012-இல் வந்த ‘கேடிகோ’ வரையறை, 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் ஏறுவதை மட்டுமல்ல, 7 நாளுக்குள் ஒன்றரை மடங்காவதையும் கணக்கில் எடுக்கிறது. அதாவது, இலவசம் முடியும் நேரத்தில்தான் சிலருக்குச் சிறுநீரகப் பிரச்சினையே வெளியே தெரியும். டயாலிசிஸ் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம் அப்போது என்ன செய்யும்?

அதே வரையறையில் லேப் தேவைப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் வந்தால் அது ஆபத்து. டியூப், பை, பேனா, கடிகாரம் போதும். கல்வராயன் மலை வெள்ளிமலையில் அடிபட்டவர் கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சேலமோ முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ போகவேண்டியிருக்கலாம். ஒவ்வொரு கைமாறலிலும் இந்தக் கணக்கு அறுந்துபோகும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ரெஃபரல் சீட்டில் கால் முறிவு பற்றி நாலு வரி இருந்தது. சிறுநீர் பற்றி ஒரு சொல் இல்லை.

சீட்டில் ஒரு கட்டம் கூட்டுவதற்குப் பெரிய செலவில்லை. இலவசக் காலத்தை, சிறுநீரகம் பாதித்தவர்களுக்காவது, 7 நாளாக்குவதற்குச் செலவு ஆகும்தான். ஆனாலும் அது நியாயமான செலவு. அதுவரை, டியூப் போட்டிருந்தால் கூட இருப்பவர்கள் கேளுங்க: ‘ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு யூரின் வருது? டீ டிக்காஷன் மாதிரி இருக்கா?’ மூன்றாம் நாளும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்க.