கைம்முதல் அற்றவரின் மன்றாட்டு

‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பனியனின் நூலைத் தழுவியது என்று கூறி அமைந்துவிடுவது நம் திறனாய்வாளர் வழக்கம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். தன்னிடம் கைம்முதல் யாதுமில்லை என்று அடிபணியும் சரணாகதி மரபு அவரோடு திருச்சபைக்குள் வந்தது. அம்மரபின் பேராசானாகிய இராமாநுசர் பிறந்த ஊர் திருப்பெரும்பூதூர்.

காப்பியத்தில் வருணனை நீளுமிடங்களில் பயணியின் இளைப்பு மறைந்துவிடுகிறது. கம்பனிடம் கவிஞர் கொண்ட காதலின் விலை அது. இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களிலோ மன்றாட்டு நேராகக் கேட்கிறது. நூலின் உயிர் அங்கேயே உள்ளது எனலாம்.

2021 டிசம்பரில், விடுதி உணவினால் நோயுற்ற தோழியருக்காகத் தொழிற்சாலைப் பெண்கள் அதே திருப்பெரும்பூதூரில் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். இத்தகையோர்க்குப் ‘பலவீனத்தில் பூரணமாகும் பலம்’ என்பதை வாய்மூடிப் பொறுத்தலாக நாம் பிரசங்கிப்போமாயின், பவுலையும் பிழைபடக் கற்றவராவோம். அவர் தம் முள் நீங்கும்படி மும்முறை வேண்டினார். பசியையும் தாகத்தையும் கண்விழிப்பையும் பெயரிட்டே கொரிந்தியருக்கு எழுதினார். கிருபை போதும் என்னும் விடை, கேட்டவருக்கு அருளப்பட்டது. கிருஷ்ணபிள்ளையின் பதிகங்களும் கேட்பவனின் குரலே. ஒரகடத்தில் இரவுப்பணி முடித்துவரும் பெண்ணுக்குக் காப்பியம் முழுவதும் எட்டாதிருக்கலாம், பதிகம் எட்டும்.