அல்-பீரூனியும் குச்சனூர்ச் சாலையும்

ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் குச்சனூர் செல்லும் சாலையில் மக்கள் வெள்ளம் பெருகி நிற்கும். சுரபி ஆற்றங்கரையில் அமைந்துள்ள சுயம்பு சனீசுவரர் ஆலயத்தில் எள் தீபம் ஏற்ற வருவோர் கூட்டம் அது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அக்கூட்டம் பேருந்து தாமதமாவதற்கு ஒரு காரணமாக மட்டுமே நெடுங்காலம் தெரிந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே என்னுடன் பயணம் செய்த மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இவர்கள் இங்கே எதை வேண்டி வருகிறார்கள்?" என்று கேட்டார். "ஷிர்க்" என்ற ஒற்றைச் சொல்லில் பதிலை முடித்துக்கொண்டேன். மார்க்கத் தீர்ப்பு என்ற அளவில் அச்சொல்லில் பிழையில்லை. ஆனால் மாணவர் தீர்ப்பைக் கேட்கவில்லை, செய்தியைக் கேட்டார். அச்செய்தி என்னிடம் இல்லை. இல்லாமையைத் தீர்ப்பால் மறைத்தேன் என்பதை உணர எனக்குச் சில நாட்கள் ஆயின.

அந்த உறுத்தலோடுதான் அல்-பீரூனியின் 'கிதாபுல் ஹிந்த்' நூலை மீண்டும் கையிலெடுத்தேன். ஏறத்தாழ கி.பி. 1030இல் அரபியில் எழுதி முடிக்கப்பட்ட அந்நூலின் முதல் அதிகாரம், இன்றும் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் வினாவுக்கே விடை தேடுகிறது: இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலாமற்போவது ஏன்? ஆசிரியர் காரணங்களை அடுக்குகிறார். மொழி வேறு, சமயக் கோட்பாடு முற்றிலும் வேறு, பழக்க வழக்கங்கள் வேறு, மஹ்மூத் கஜ்னவியின் படையெடுப்புகள் விளைவித்த அழிவும் அதனால் மூண்ட வெறுப்பும், இறுதியாக, தம்மையொத்தவர் பிறரில்லை எனும் அவர்களது பெருமிதம். கஜ்னவியின் ஆட்சிக்குள் வாழ்ந்த ஓர் அறிஞர், அவருடைய படைகளால் விளைந்த கேட்டையும் காரணங்களில் ஒன்றாக ஒளிக்காமல் எழுதினார். அந்நூலின் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவருடைய முறை இன்னும் கவனிக்கத்தக்கது. சமஸ்கிருதம் பயின்றார்; யோகம் பற்றிய பதஞ்சலியின் நூலை அரபியில் தந்தார். எதிர்த்தரப்பின் கொள்கையை அவர்கள் கூற்றாகவே எடுத்துரைக்க முயன்றார். மறுப்பதற்காக அதைத் திரித்துக் கூறும் வழக்கத்தை வெறுத்தார். தமது ஈமானில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமலேயே இதைச் செய்தார். அறிதலும் ஏற்றலும் ஒன்றல்ல என்பதற்கு அந்நூல் முழுவதுமே நிறுவலாகும்.

குறை இல்லாமலில்லை. அவர் பெரிதும் நம்பியவை பண்டிதரின் ஏடுகள். கற்றோர் ஒரே இறைவனை உணர்கின்றனர், பாமரரே உருவங்களை நாடுகின்றனர் என்று அவர் பிரித்தபோது, அந்தப் பாமரரிடம் சென்று கேட்டதாகத் தெரியவில்லை. கிரகங்களின் பெயரால் கிழமைகளை அவர்கள் வழங்குவதை அவர் குறிக்கிறார். குச்சனூரில் எள் தீபம் ஏந்தி நிற்கும் விவசாயியின் மனம் அவர் நூலில் கிடைக்காது. கடைசிக் காரணத்தைப் பிறர்மீது சுமத்திய அவர், அதே பெருமிதம் நம்மிடமும் உண்டா என்று அவ்வளவு அழுத்தமாகக் கேட்கவுமில்லை.

ஆயினும் நூலின் குறையைவிட, அந்நூலுக்கு நாம் இழைத்த குறையே பெரிது. 1887இல் ஜெர்மானிய அறிஞர் சாகௌ அரபி மூலத்தைப் பதிப்பித்து, அடுத்த ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் அதைப் பரவலாக அறிந்தது. நமது அரபிக் கல்லூரிகள் பின்பற்றும் நிஜாமியாப் பாடத்திட்டத்தில் கிரேக்கத் தர்க்கம் இடம்பெற்றது. அண்டை வீட்டாரைப் பற்றிய இந்நூல் இடம்பெறவில்லை. அரிஸ்டாட்டிலின் வகைப்பாடுகளை மனனம் செய்த நாம், அடுத்த தெருவின் நோன்பை அறியாமல் பட்டம் பெற்று வெளியேறுகிறோம்.

சமய மோதல்களுக்கு இன்று இரண்டு எளிய விடைகள் சொல்லப்படுகின்றன. மதமே காரணம் என்பது ஒன்று. எல்லா மதங்களும் ஒன்றே என்பது மற்றொன்று. முன்னது உண்மையாயின் நூற்றாண்டுகளாக நிலவிய அண்டை உறவுக்கு விளக்கமில்லை. பின்னதோ, இருதரப்பு நம்பிக்கையாளரையும் ஒருசேர அவமதிக்கிறது. வேற்றுமையே இல்லையெனில் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது? 'சூரத்துல் ஹுஜுராத்'தின் 13ஆம் வசனம் மனித குலத்தின் பன்மைக்குக் கூறும் நோக்கம் 'தஆருஃப்', அதாவது ஒருவரையொருவர் அறிதல். வேற்றுமை அங்கே அறிமுகத்துக்கான வாயிலாக வைக்கப்படுகிறது.

பழகினாலே போதும் என்பாரும் உளர். நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் எல்லார் வயலிலும் பாய்கிறது. சந்தையில் எல்லாரும் கூடுகின்றனர். நன்றுதான். ஆனால் கோயம்புத்தூரிலும் மக்கள் ஒரே கடைவீதியில்தான் பிழைத்தனர். 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டதையும், 1998 பிப்ரவரி 14இல் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்ததையும் அப்பழக்கம் தடுக்கவில்லை. நீதிமன்றமும் ஓரளவுக்கே உதவும். திருப்பரங்குன்றம் மலையில் எது எவருக்குரியது என்பதை 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரையறுத்தது; 2025இல் அதே மலை மீண்டும் கொந்தளித்தது. தீர்ப்பு எல்லையைக் கூறும். எல்லைக்கு அப்பாலிருப்பவர் யார் என்பதைக் கூறாது.

தமிழகத்தில் வேறொரு மரபும் இருந்தது. எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பயின்ற உமறுப்புலவர், தமிழ்க் காப்பிய மரபை உள்வாங்கியே 'சீறாப்புராண'த்தை இயற்றினார். அதற்கு உரைகண்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், சைவருக்குள் மூண்ட அருட்பா-மருட்பாப் பூசலில் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே எனச் சான்றுகளோடு வாதிட்டார். பிறர் சமயப் பூசலில் ஒரு முஸ்லிம் புலவரின் சொல்லுக்குச் சபை செவிகொடுத்ததெனில், அவருடைய புலமையின்மீது அச்சபைக்கு இருந்த மதிப்பே காரணம். அம்மதிப்பை விழா மேடைகளில் பாராட்டுகிறோம். அதை ஈட்டித்தந்த உழைப்பை மட்டும் தொடரவில்லை. இக்குறை ஒருதரப்புக்கு மட்டும் உரியதன்று. நோன்புக் கஞ்சியை விரும்பிப் பருகும் அன்பர்களுள் எத்தனை பேர் நோன்பின் பொருளைக் கேட்டறிந்திருப்பர்?

பின்னொரு நாள் குச்சனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் அந்த மாணவரின் கேள்வியை நானே கேட்டேன். பொய்த்த விளைச்சல், வேலையின்றி இருக்கும் மகன், ஏழரைச் சனி முடியும்வரை பொறுக்க வேண்டிய ஆண்டுகள் எனச் சொல்லிக்கொண்டே போனார். நன்மையும் தீங்கும் அல்லாஹ்வின் நாட்டத்தாலன்றி அணுகா என்பதே எனது ஈமான். தம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் நிகழ்ந்த கிரகணத்தை அம்மரணத்தோடு இணைத்துப் பேசியவர்களை நபிகள் நாயகம் (ஸல்) திருத்தியதை அறிவோம். எனவே 'ஸுஹல்' என்று அரபியர் அழைக்கும் அக்கோளைப் பற்றி அவரும் நானும் உடன்பட வழியில்லை. அதை அவரிடம் மறைக்கவுமில்லை. ஆனால் எங்கே வேறுபடுகிறோம் என்பது அன்றுதான் எனக்குத் துல்லியமாயிற்று. அவருடைய துயரத்தில் எனக்கு அந்நியமானது எதுவுமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அரபிக் கல்லூரிகளின் இறுதியாண்டில் 'கிதாபுல் ஹிந்த்' நூலின் சில அதிகாரங்களையேனும் பாடமாக வைக்கலாம். அதற்குத் தடையாக மார்க்கச் சட்டம் எதையும் நான் காணவில்லை. நம் சோம்பலையே காண்கிறேன். அன்று கேள்வி கேட்ட மாணவர் இப்போது ஒரு மஹல்லாவில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவரிடம் யாரேனும் சிறுவர் அதே கேள்வியைக் கேட்டால், என்னிடம் பெற்ற ஒற்றைச் சொல்லையே அவரும் கொடுத்தனுப்புவார். அப்பொறுப்பு அவருடையதன்று.