செருகுநிரலும் வாசிப்பும்: ‘டகோட்டா’வை முன்வைத்து

முன்னுரை

தொடக்ககால இணைய உலாவி, எழுத்தையும் நிலைப்படத்தையும் காட்டும் கருவியாகவே பெரிதும் இருந்தது. ஒலியும் இயக்கமும் ஊடாட்டமும் செருகுநிரல்களின் வழியாகவே அதனுள் பரவலாக நுழைந்தன. 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு, பிறர் உருவாக்கிய செருகுநிரல்களுக்கு இடமளித்தது. மேக்ரோமீடியாவின் ஷாக்வேவ், டைரக்டர் மென்பொருளில் உருவான ஆக்கங்களை உலாவிக்குள் இயக்கிக் காட்டியது. அவ்வாண்டின் இறுதியில் அந்நிறுவனம் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் மென்பொருளைக் கையகப்படுத்தி, ஃப்ளாஷ் எனப் பெயர் மாற்றியது. இவ்வரலாறு தொழில்நுட்ப வரலாறாக மட்டுமே நோக்கப்படுவது போதாது; அது வாசிப்பின் வரலாறும் ஆகும்.

எழுத்தின் இயக்கம்

ஃப்ளாஷ், உருவங்களைப் புள்ளிகளாக அன்றிக் கோடு, வளைவு ஆகியவற்றின் கணித விவரங்களாகச் சேமித்தது. ஆதலால் கோப்பின் அளவு சிறுத்தது. தொலைபேசிவழி இணைப்பின் குறைந்த வேகத்திலும் ஆக்கம் இயங்கியது. எழுத்துருவும் வளைகோடுகளால் ஆனதே. எனவே எழுத்தை அசைப்பது ஃப்ளாஷுக்கு எளிதாயிற்று. இயங்கும் எழுத்தாலான மின்னிலக்கியம் இங்குச் செழித்தமைக்கு இஃதொரு முதன்மைக் காரணம் எனலாம்.

மறுக்கப்படும் ஊடாட்டம்

சியோல் நகரிலிருந்து இயங்கும் யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்னும் இணையரின் ‘டகோட்டா’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வெண்திரையில் கருநிறச் சொற்கள் ஆர்ட் பிளேக்கியின் முரசொலிக்கேற்பத் தோன்றி மறைகின்றன. இது எஸ்ரா பவுண்டின் ‘காண்டோஸ்’ முதற்பகுதிகளின் நுண்வாசிப்பில் உருவானதென அதன் ஆசிரியர்களே அறிவித்துள்ளனர். குறிப்புரையோடு மெல்லப் பயிலவேண்டிய மூலத்திலிருந்து பிறந்த ஆக்கம், தன் வாசகருக்கு அந்த நிதானத்தை மறுக்கிறது. நிறுத்தவோ பின்செல்லவோ பொத்தான் இல்லை. இதனைக் குறும்படம் என வகைப்படுத்துவது பொருந்தாது. திரையரங்கில் எவரும் பொத்தானைத் தேடுவதில்லை; ஃப்ளாஷ் ஆக்கத்திலோ சொடுக்குவதே வழக்கம். அவ்வழக்கத்தை எதிர்பார்க்கும் வாசகரிடத்தேதான் மறுப்புப் பொருள் பெறுகிறது.

பாதுகாப்பின் முரண்

ஃப்ளாஷ் இயக்கிக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது. ரஃபிள் போன்ற போன்மிகள் பழைய கோப்புகளைச் செருகுநிரலின்றி இயக்க முயல்கின்றன. காணொளியாக மாற்றுவது மற்றொரு வழி. ஆனால் ‘டகோட்டா’ போன்ற ஆக்கத்தைக் காணொளியாக்கினால் ஒரு சொல்லும் இழக்கப்படாது; காணொளி இயக்கியின் நிறுத்தற்பொத்தான் மட்டும் புதிதாக வந்து சேரும். ஆக்கம் மறுத்த உரிமையை அப்பொத்தான் வாசகருக்கு வழங்கிவிடுகிறது. இங்கு இழப்பு நேர்வது நீக்கத்தால் அன்று, சேர்க்கையால்.

முடிவுரை

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டப்படுவதுபோல, மின்னிலக்கியத் திறனாய்வில் எவ்வியக்கியில் ஆக்கம் வாசிக்கப்பட்டது என்பதும் பதிவுசெய்யப்பட வேண்டும். இயக்கி மாறுமிடத்துச் சொல் மாறாதிருப்பினும் பனுவல் மாறுகிறது.