செங்கீரையும் செவியும்: பிள்ளைத்தமிழை வளர்ச்சி அட்டவணையாக வாசித்தல் குறித்த ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தை மருத்துவம் வகுத்துள்ள வளர்ச்சிப் படிநிலைகளோடு ஒத்தமைகின்றன என்னும் கருத்து இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. தலை, கழுத்து, செவி ஆகிய மூன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டு இக்கருத்தின் வன்மையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பருவ வைப்புமுறையில் காணப்படும் ஒப்புமை ஓரளவினதே என்பதும், மருத்துவ நோக்கிற்கு நெருக்கமான இடம் பெரியாழ்வாரின் காதுகுத்தல் பதிகத்திலேயே உள்ளது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், செங்கீரை, தால், காதுகுத்தல், பெரியாழ்வார், குழந்தை மருத்துவம்

முன்னுரை

மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்களை அமைத்துப் பாடும் மரபைப் பாட்டியல் நூல்கள் சுட்டுகின்றன. இதன்படி காப்பு 3, செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15 எனப் பருவங்கள் வரிசையுறும். இவ்வரிசையை மருத்துவ நூல்களின் வளர்ச்சி அட்டவணைக்கு அருகில் வைத்து, நம் புலவர்கள் குழந்தை மருத்துவத்தை முன்னரே அறிந்திருந்தனர் என முடிவுகட்டும் போக்கு உண்டு. இம்முடிவு இலக்கியத்திற்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே ஊறு செய்வதாகும்.

செங்கீரை: ஒப்புமையும் அதன் எல்லையும்

ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுதலே செங்கீரை. குழந்தைக்குக் கழுத்து நிற்கும் காலம் ஏறத்தாழ 3 முதல் 4 மாதம். கவிழ்ந்து படுத்த நிலையில் கைகளை நீட்டி ஊன்றி மார்பை உயர்த்துவது 5, 6 மாதங்களில். எனவே ஐந்தாம் திங்களில் செங்கீரையை வைத்தது கூர்ந்த நோக்கின் பயனே என்பதில் ஐயமில்லை. ஒன்பதில் கை கொட்டுதலும் பதின்மூன்றில் தளர்நடையும் அவ்வாறே பொருந்துகின்றன.

ஆயினும் இறுதி மூன்று பருவங்களில் இவ்வொப்புமை முறிகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் முதலியன 17 முதல் 21 திங்களுக்குள் அடங்க வேண்டும். காய்களை மேலெறிந்து மாறி மாறிப் பிடிக்கும் அம்மானை அவ்வகவைக் குழந்தையால் இயலாத ஆட்டம். இங்குப் புலவரை வழிநடத்துவது எண்ணின் ஒழுங்கும் விளையாட்டின் அழகுமேயன்றி உடலின் வளர்ச்சியன்று. மேலும், மரபு ஒரு திங்களைக் குறிக்கிறது. மருத்துவமோ ஒரு கால எல்லையைக் குறிக்கிறது. துணையின்றி நடத்தலுக்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு தரும் எல்லை ஏறத்தாழ 8 முதல் 18 மாதம். பருவ அட்டவணையை அளவுகோலாக்கும் பெற்றோர் 14 மாதத்தில் நடவாத நலமான குழந்தையைக் கண்டு வீணே அஞ்சுவர். அல்லது 6 மாதமாகியும் தலை பின்னே சாயும் குழந்தையைச் ‘செங்கீரை இனி வரும்’ எனக் காலந்தாழ்த்துவர். இரண்டாவது பிழை கொடிது.

தால்: பாடுவோர் உண்டு, செவி உண்டா?

தால் என்பது நா. நாவசைத்துப் பாடும் தாலாட்டே இப்பருவத்தின் உயிர். ஏழாம் மாதக் குழந்தை தன் பார்வைக்கு அப்பால் எழும் ஒலியை நோக்கித் தலையைத் திருப்பும். ஆதலால் தாற்பருவம் செவித்திறனை அறியும் பருவம் எனச் சொல்லத் தோன்றும். ஆனால் எந்தப் பிள்ளைத்தமிழும் பாட்டுடைத் தலைவனுக்குச் செவி கேட்கிறதா என்று வினவுவதில்லை, வினவவும் இயலாது. குறையற்ற தலைமகனே அவ்விலக்கியத்தின் முன்நிபந்தனை.

மருத்துவ ஆய்வு அவ்வினாவிலிருந்துதான் தொடங்குகிறது. செவிப்புலன் இல்லாத குழந்தையும் தொட்டிலின் அசைவாலும் தாயின் முகத்தாலும் அமைதியுறும். முதல் சில மாதங்களில் ஒலியும் எழுப்பும். தாலாட்டுக்குத் துயின்றது என்பது கேட்டது என்பதற்குச் சான்றாகாது. இதனாலேயே பார்வைக்குப் படாத ஒலியைக் கொண்டு சோதிக்கும் முறையும், பிறந்த சில நாள்களிலேயே கருவியால் அறியும் முறையும் வேண்டப்பட்டன. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறவிச் செவிட்டுத்தன்மையைக் கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்றாகச் சேர்த்ததும் இக்காரணம் பற்றியே.

கண்டமும் கழுத்தும்

பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தில் கண்ணனின் திருமேனி அடிமுதல் முடிவரை காட்டப்படுகிறது. உறுப்பு ஒவ்வொன்றையும் வந்து காணுமாறு யசோதை பிற மகளிரை அழைக்கிறாள். கழுத்தைக் காட்டும்போது உலகனைத்தையும் விழுங்கிய கண்டமாக அது நினைக்கப்படுகிறது. மருத்துவரும் உறுப்பு தவறாமல் காண்பவரே. அவர் கழுத்தில் நெறிகட்டியையும், ஒருபக்கச் சாய்வையும், கேடயச் சுரப்பியின் வீக்கத்தையும் தேடுகிறார். தலையில் சுற்றளவை அளந்து, உச்சிக்குழி குழிந்துள்ளதா, புடைத்துள்ளதா எனத் தடவிப் பார்க்கிறார். இருவர் நோக்கும் முறையானது. இருவர் தேடலும் வேறு. ஒன்று நிறைவைக் கண்டு மகிழ்வது. மற்றொன்று குறையில்லை என்பதை ஒவ்வோரிடத்திலும் உறுதிசெய்வது.

காதுகுத்தல்: நோகும் உடல்

இவ்விரு நோக்கும் நெருங்கும் இடம் ஒன்றுண்டு. திருமொழியின் இரண்டாம் பத்தில் பன்னிரு திருநாமங்களால் கண்ணனை விளித்துக் காதுகுத்த அழைக்கும் பதிகம் அது. அங்கே குழந்தை அஞ்சி ஓடுகிறது. தாய் கனிகள் தருவதாகச் சொல்லி, நோகாமல் இடுவேன் என உறுதி கூறுகிறாள். காது வீங்கி எரிந்தால் தலை நோகுமே என்று முன்பு விட்டுவிட்டதையும், சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதையும் எடுத்துரைக்கிறாள். வீக்கம், எரிவு, தலைநோவு ஆகிய மூன்றும் தெய்வக் குழந்தைக்கும் நேரக்கூடியனவாக இங்கு ஒப்புக்கொள்ளப்படுகின்றன. புகழ்ச்சி சற்றே விலக, உடல் முன்வருகிறது.

யசோதையின் இன்சொல்லை வெறும் அன்பு எனக் கொள்ளலாகாது; குழந்தையின் செவியை அணுகும் எவர்க்கும் அது வழிமுறை. அழும் குழந்தையின் செவிப்பறை நோயின்றியும் சிவக்கும். உச்சிக்குழியும் அழுகையில் புடைக்கும். அழுகை சான்றைக் கலைத்துவிடுவதால்தான் மருத்துவர் குழந்தையைத் தாய்மடியிலேயே இருத்தி, தலையைத் தாயின் மார்போடு அணைக்கச் செய்து, செவியையும் தொண்டையையும் இறுதியில் பார்க்கிறார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்னிழுத்தும், மூத்த குழந்தைக்கு மேல்நோக்கிப் பின்னிழுத்தும் காண்பது விதி. விதியைக் கற்றவர் பலர். குழந்தை இணங்கும்வரை காத்திருப்போர் சிலரே.

முடிவுரை

பிள்ளைத்தமிழ் குழந்தையைக் கண்டு எழுந்த இலக்கியம். குழந்தையைச் சோதிக்கும் நூலன்று. செங்கீரையின் நுட்பத்தைப் பாராட்டுவதற்கு அதனை மருத்துவ அட்டவணையாக்க வேண்டிய தேவையில்லை. மருத்துவத்தோடு அதனை ஒப்பிட விழைவோர் திங்கட் கணக்கை விடுத்து, வினைச்சொற்களை நோக்குதல் தகும். ஆடுக, கொட்டுக, வருக என்று அவை அழைக்கின்றன. மருத்துவரும் கைக்குழந்தையை ஏவ முடியாது, அழைக்கவே முடியும். வேற்றுமை அழைப்பிற்குப் பின்னரே தோன்றுகிறது. குழந்தை வாராதபோது புலவர் மீண்டும் பாடுகிறார். மருத்துவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அந்த வினாவைத் தாலாட்டினால் மூடிவிடாதிருப்பதே இவ்வகை ஒப்பாய்வின் முதற்கடன்.